முஸ்லிம் குடியேறிகள் மீதான முத்திரைகளைக் கல்வி மாற்றுமா? ஆய்வில் இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

“முஸ்லிம் குடியேறிகளைப் பற்றிய தவறான எண்ணங்களைக் கல்வியால் மாற்றலாம்” என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு ஆய்வைத் தொடங்குபவர்கள் நிறையப் பேர். கடைசிப் பக்கத்திலும் அதே வாக்கியம் முடிவாக வந்து நிற்கும். நோக்கம் நல்லதுதான். ஆனால் பொய்த்துப்போக வாய்ப்பே இல்லாத ஒரு கருத்தை யாராலும் ஆராய முடியாது. எந்தப் பாடம், யாருடைய, எந்த எண்ணத்தை, எவ்வளவு காலத்துக்கு மாற்றியது? இதுதான் ஆய்வுக்கான கேள்வி. சில பாடங்கள் எதையுமே மாற்றுவதில்லை. சில பாடங்கள் அறிவைக் கூட்டுகின்றன, மனத்தைத் தொடுவதில்லை. இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டும் ஆய்வால்தான் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கும், அந்த முத்திரையைச் சுமந்து வாழும் குடும்பத்துக்கும் பயன் உண்டு.

இந்தத் துறையில் முதன்முறையாக ஆய்வு செய்யும் இளநிலை, முதுநிலை மாணவர்களையும் தங்கள் வகுப்பிலேயே சிறிய ஆய்வு ஒன்றைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது.

கேள்வியைச் சுருக்குங்கள்

முதலில் யாரைப் பற்றிய ஆய்வு என்பதை முடிவு செய்யுங்கள். முஸ்லிம், குடியேறி, அரபு நாட்டவர் ஆகிய மூன்றும் வெவ்வேறு வட்டங்கள். அவை ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படியும், முழுவதும் பொருந்தாது. அமெரிக்காவில் வயதுவந்த முஸ்லிம்களில் 58 சதவீதத்தினர்தான் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்கிறது ப்யூ ஆய்வு மையத்தின் 2017ஆம் ஆண்டுக் கணிப்பு. மீதிப் பேர் அங்கேயே பிறந்தவர்கள். அவர்களையும் ‘குடியேறி’ என்று எண்ணுவதே ஒரு முத்திரைதான். அந்த முத்திரையை உங்கள் வினாத்தாளே திரும்பப் பதித்துவிடக் கூடாது.

அடுத்தது இடம். 1961 ஒப்பந்தத்தின் வழியே ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த துருக்கியர்கள், கிழக்கு லண்டனில் வேர்விட்ட, வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதி வங்காளிகள், உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறிய சோமாலியர்கள், 2015இல் ஐரோப்பாவுக்கு வந்த சிரிய அகதிகள் என ஒவ்வொரு கூட்டத்தைப் பற்றியும் புழங்கும் பிம்பம் வேறு. ஒருவரை ‘ஒட்டிக்கொள்ளாதவர்’ என்பார்கள், இன்னொருவரை ‘ஆபத்தானவர்’ என்பார்கள், மற்றவரை ‘அரசுப் பணத்தில் வாழ்பவர்’ என்பார்கள். இவற்றில் எந்தப் பிம்பத்தை ஆராயப்போகிறீர்கள் என்று பெயரிட்டுச் சொல்லுங்கள்.

பிறகு ‘கல்வி’. பள்ளியில் கழித்த ஆண்டுகளா, உலக மதங்கள் பற்றிய ஒரு பாடமா, பாடநூலா, மாணவர்கள் நேரில் சந்திக்கும் நிகழ்ச்சியா, ஆசிரியர் பயிற்சியா? ஐந்தும் ஐந்து ஆய்வுகள்.

இவையெல்லாம் முடிவானபின் கேள்வி இப்படி இருக்க வேண்டும்: “9ஆம் வகுப்பில் 6 வாரம் நடக்கும் உலக மதங்கள் பாடம், ‘முஸ்லிம்கள் நம் நாட்டுக்கு விசுவாசமற்றவர்கள்’ என்ற எண்ணத்தைப் பாடம் முடிந்து 3 மாதம் கழித்தும் குறைத்திருக்கிறதா?” இதற்கு ‘இல்லை’ என்றும் பதில் வரலாம். அப்படி வர முடிகிற கேள்விதான் வேண்டும்.

அறிவு வேறு, மனப்பான்மை வேறு

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நான்கு விஷயங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாணவருக்கு என்ன தெரியும் என்பது ஒன்று. ஒரு கூட்டத்தார் எல்லோரும் இப்படித்தான் என்ற முத்திரை இரண்டாவது. அவர்கள் மீது உள்ள வெறுப்போ அச்சமோ மூன்றாவது. அவர்களை நடத்தும் விதம், அதாவது பாகுபாடு, நான்காவது. ஒன்று மாறினால் மற்றவையும் தானாக மாறிவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2016இல் இப்சோஸ் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், தங்கள் நாட்டில் 100 பேருக்கு எத்தனை முஸ்லிம்கள் என்று கேட்டபோது பிரான்ஸ் மக்களின் சராசரி ஊகம் 31. உண்மையில் 7.5தான். அமெரிக்கர்களின் ஊகம் 17, உண்மையில் 1. இதைப் படித்ததும், சரியான எண்ணைச் சொல்லிக்கொடுத்தால் போதும், பயம் குறைந்துவிடும் என்று தோன்றும். குடியேறிகளின் எண்ணிக்கை பற்றி டேனியல் ஹாப்கின்ஸ், ஜான் சைட்ஸ், ஜாக் சிட்ரின் மூவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. சரியான எண்ணைச் சொன்னதும் மக்களின் கணக்கு திருந்தியது, கருத்து பெரிதாக அசையவில்லை. தகவலால் மனப்பான்மை சற்று மேம்பட்டது என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. எனவே உங்கள் ஆய்வில் ஒரு பொது அறிவுத் தேர்வை மட்டும் வைத்து ‘முத்திரை மாறியது’ என்று எழுதவே கூடாது. மாணவருக்கு ரமலான் நோன்பு என்றால் என்ன என்று தெரிந்திருக்கும், பக்கத்து வீட்டுக்குச் சோமாலியக் குடும்பம் குடிவருவது அப்போதும் பிடிக்காமல் இருக்கும்.

கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து 9ஆம் வகுப்பு மாணவர்களுக்கு உலக மதங்கள் பாடம் கட்டாயம். எமில் லெஸ்டரும் பேட்ரிக் ராபர்ட்ஸும் 400க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஆய்வு செய்து 2006இல் அறிக்கை வெளியிட்டார்கள். மதங்கள் பற்றிய அறிவு கூடியிருந்தது. அதோடு, பிற மதத்தவரின் உரிமைக்கான ஆதரவும் கூடியிருந்தது. இரண்டையும் தனித்தனிக் கேள்விகளால் அளந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. அந்த அறிக்கையை முதலில் படியுங்கள். அதன் வினாக்களின் அமைப்பே ஒரு பாடம்.

படிக்கும் வரிசை

கூகுள் ஸ்காலரிலும், கல்வி ஆய்வுகளுக்கான எரிக் தரவுத்தளத்திலும் தேடுங்கள். இரண்டும் இலவசம். ‘இஸ்லாமோஃபோபியா’ (இஸ்லாம் மீதான அச்சம், வெறுப்பு) என்ற ஒற்றைச் சொல்லில் தேடினால் கொள்கை விவாதங்கள்தான் குவியும். அதோடு ‘இன்டர்வென்ஷன்’ (மாற்றத்துக்கான தலையீடு), ‘கிளாஸ்ரூம்’, ‘லாங்கிடியூடினல்’ (ஒரே ஆட்களை நீண்டகாலம் தொடர்வது) போன்ற சொற்களின் ஆங்கில வடிவங்களையும் சேர்த்தால் சோதனை ஆய்வுகள் மேலே வரும். படிப்பவற்றை, மேற்கோள்களைத் தொகுத்துவைக்கும் சோட்டெரோ மென்பொருளில் சேமியுங்கள், அதுவும் இலவசமே.

தொடங்க வேண்டிய இடம் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட். வெவ்வேறு குழுவினர் சந்தித்தால் வெறுப்பு குறையும், ஆனால் அதற்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்று 1954இல் சொன்னவர்: சந்திப்பில் இரு தரப்பும் சமநிலையில் இருப்பது, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தில் உள்ளவர்களின் ஆதரவு. அடுத்து, தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட கட்டுரை. சந்திப்பு கூடக்கூட வெறுப்பு குறைகிறது என்று அது காட்டியது.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எலிசபெத் லெவி பாலக் குழுவினர் 2019இல் இந்தக் கருத்தை மறுபரிசீலனை செய்தார்கள். குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, சந்திப்பு முடிந்து குறைந்தது ஒரு நாளாவது கழித்து அளந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது 27 தான் தேறின. சந்திப்பால் வெறுப்பு குறைந்ததா, வெறுப்பு குறைவாக உள்ளவர்கள்தான் தாமாகச் சந்திக்கப் போனார்களா என்ற ஐயத்தை மற்ற பெரும்பாலான ஆய்வுகளால் தீர்க்க முடியவில்லை. உங்கள் ஆய்வும் இதே ஐயத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

‘படித்தவர்களிடம் வெறுப்பு குறைவு’ என்ற வாதத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. கருத்துக்கணிப்புகளில் அதிகம் படித்தவர்கள் குடியேறிகளிடம் இணக்கமாக இருப்பது உண்மை. ஆனால் ப்ராம் லான்சியும் ஒரியான் சரசினும் சுவிட்சர்லாந்தில் ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த தரவைப் பார்த்தபோது, அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி படிப்புக்கு முன்பே இருந்தது தெரிந்தது (2015). அதற்கு மாறாக, மேற்கு ஐரோப்பாவில் கட்டாயப் பள்ளி ஆண்டுகளைக் கூட்டிய சட்டங்களை வைத்து ஷார்லட் கவாயும் ஜான் மார்ஷலும் 2019இல் செய்த ஆய்வில், கூடுதலாகப் படித்த ஆண்டு குடியேறிகள் மீதான எதிர்ப்பை உண்மையிலேயே குறைத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முறை மாறினால் விடை ஏன் மாறுகிறது என்று இரண்டு பத்தி எழுத முடிந்தால், உங்கள் இலக்கிய மீளாய்வின் (முந்தைய ஆய்வுகளை அலசும் பகுதியின்) கடினமான வேலை முடிந்தது.

படிக்கும்போதே ஒரு அட்டவணை போடுங்கள். ஒரு ஆய்வுக்கு ஒரு வரி. நாடு, மாணவர் வயது, பாடத்தின் மணிநேரம், பாடம் நடத்தப்படாத ஒப்பீட்டுக் குழு இருந்ததா, எதை அளந்தார்கள், பாடம் முடிந்து எத்தனை நாள் கழித்து அளந்தார்கள். 20 வரி நிரம்பியதும் காலியிடங்கள் கண்ணில் படும். ‘எத்தனை நாள் கழித்து’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘அன்றே’ என்று இருக்கும். புதியவர் ஒருவர் உள்ளே நுழைய அந்த இடம் போதும்.

எந்த வகைப் பாடத்தைச் சோதிப்பது?

விரிவுரையும் வீடியோவும் எளிது, பலன் குறைவு. விருந்தினராக ஒரு முஸ்லிம் மருத்துவரையோ விளையாட்டு வீரரையோ அழைத்துப் பேசவைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. “இவர் நல்லவர், மற்றவர்கள் இப்படி இல்லை” என்று அவரை மட்டும் விதிவிலக்காக்கிவிட்டு முத்திரையை அப்படியே வைத்துக்கொள்வது மனித மனத்துக்கு எளிது. ஒருவருக்குப் பதிலாக, வெவ்வேறு தொழிலும் குணமும் உள்ள பலரை, சாதாரண வாழ்க்கையோடு காட்டுவது இந்தத் தப்பித்தலைக் கடினமாக்கும்.

கூட்டுக் கற்றல் இன்னும் வலுவானது. எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உருவாக்கிய ‘ஜிக்சா’ முறையில் மாணவர்கள் 5 அல்லது 6 பேர் கொண்ட கலப்புக் குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். பாடத்தின் ஒரு பகுதி ஒருவரிடம் மட்டும் இருக்கும். அவர் சொல்லித்தராமல் மற்றவர்கள் தேர்வை எழுத முடியாது. ஆல்போர்ட்டின் நான்கு நிபந்தனைகளும் இதற்குள் இருக்கின்றன. பாடம் இஸ்லாம் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

மூன்றாவது வகையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எமில் புருனோவும் உடனாய்வாளர்களும் வடிவமைத்த பயிற்சி அது. உங்கள் இனத்தையோ மதத்தையோ சேர்ந்த ஒருவர் செய்த கொலைக்கு நீங்கள் எவ்வளவு பொறுப்பு என்று முதலில் கேட்கிறார்கள். யாரும் ‘நான் பொறுப்பில்லை’ என்றுதான் சொல்வார்கள். பிறகு, ஒரு முஸ்லிம் செய்த தாக்குதலுக்கு முஸ்லிம்கள் எல்லோரும் எவ்வளவு பொறுப்பு என்று கேட்கிறார்கள். இரண்டு பதிலுக்கும் இடையிலுள்ள முரண்பாட்டைப் பதில் சொன்னவரே பார்த்துவிடுகிறார். ஸ்பெயினில் செய்து 2020இல் வெளியான ஆய்வில், சில நிமிடமே ஆகும் இந்தப் பயிற்சியின் விளைவு ஓராண்டு கழித்தும் தென்பட்டது. கவனிக்க வேண்டியது, இது முஸ்லிம்களைப் பற்றி எந்தத் தகவலையும் தரவில்லை. யாரையும் குற்றம் சாட்டவும் இல்லை. தன் சொந்த நியாய அளவுகோலைத் தானே திரும்பப் பார்க்கவைக்கிறது. பயிற்சியை வகுப்பில் பயன்படுத்தினால் கேள்விகளின் வரிசையை மாற்றாதீர்கள். இரண்டாவது கேள்வி முதலில் வந்தால் மாணவர் தன் பதிலைக் காத்துக்கொள்ளும் நிலைக்குப் போய்விடுவார்.

எந்த வகையானாலும், விளைவு எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதையும் அளக்க வேண்டும். ஈராக்கில் ஐஎஸ் அமைப்பால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் கால்பந்து அணிகளில் கலந்து சல்மா மூசா செய்த சோதனை (2020) குடியேறிகளைப் பற்றியது இல்லை. ஆனாலும் கட்டாயம் படிக்க வேண்டியது. கலப்பு அணியில் ஆடியவர்கள் பிறகும் கலப்பு அணிக்குப் பெயர் கொடுத்தார்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சி செய்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள மொசூல் நகர உணவகத்துக்குப் போகும் அளவுக்கு அந்த மாற்றம் நீளவில்லை. வகுப்புத் தோழனோடு நட்பு வளர்வதும், தெருவில் பார்க்கும் அந்நியரை நம்புவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் தனித்தனி அளவீடு வையுங்கள்.

ஆட்கள் எத்தனை பேர்?

இரண்டு வகுப்பை எடுத்து, ஒன்றில் பாடம் நடத்தி, மற்றதை ஒப்பிடுவது வழக்கமாக நடக்கிறது. புள்ளியியல் கண்ணில் அது இரண்டே இரண்டு அலகு. ஆசிரியர் திறமை, வகுப்பின் சூழல் எல்லாம் பாடத்தின் விளைவோடு கலந்துவிடும்.

கணக்கு இப்படிப் போகும். மிதமான சிறு விளைவு (திட்ட விலக்கத்தில் 0.3) ஒன்றை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க ஒரு குழுவுக்கு 176 பேர், ஆக 352 பேர் வேண்டும். ஆனால் ஒரே வகுப்பு மாணவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமை 0.1 என்றும் வகுப்புக்கு 25 பேர் என்றும் வைத்தால், 1 + (24 × 0.1) = 3.4 மடங்கு தேவைப்படும். ஏறத்தாழ 1,200 மாணவர்கள், 48 வகுப்புகள்.

பட்ட மாணவர் ஒருவரால் இது முடியாது. முடியாததை முடிந்ததுபோல் எழுத வேண்டாம், வேறு வழிகள் உண்டு. வகுப்புக்குள்ளேயே மாணவர்களைக் குலுக்கி இரண்டு வகைப் பயிற்சித்தாள் கொடுத்தால் மேலே சொன்ன மடங்கு பெரும்பாலும் மறைந்துவிடும். புருனோ வகைப் பயிற்சிக்கு இது நன்றாகப் பொருந்தும். கட்டாயப் பாடமாக இருந்தால், முதல் பருவத்தில் படிக்கும் வகுப்புகளை அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும் வகுப்புகளோடு ஒப்பிடலாம். ஐரோப்பியச் சமூக ஆய்வின் 7ஆம் சுற்றில் (2014) முஸ்லிம்களை நாட்டில் குடியேற அனுமதிப்பது பற்றிய நேரடிக் கேள்வி இருக்கிறது. அந்தத் தரவை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

தனியாள் செய்வதற்கு மிகவும் ஏற்றது பாடநூல் ஆய்வு. ஒரு வகுப்பின் வரலாறு, சமூக அறிவியல் நூல்களை எடுங்கள். பத்தியும் படமும் அலகு. ஒவ்வொன்றிலும் முஸ்லிம் பாத்திரம் என்ன செய்கிறது என்று குறியுங்கள்: போரிடுகிறதா, வணங்குகிறதா, வேலை செய்கிறதா, உதவி கேட்கிறதா, பெயரோடு பேசுகிறதா, பெயரற்ற கூட்டமாக நிற்கிறதா, எந்த நூற்றாண்டு. குறியீட்டு விதிகளை எழுதிவைத்து, மொத்தத்தில் 20 சதவீதத்தை இன்னொருவரும் தனியே குறிக்கட்டும். இருவரின் குறியீடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் கோஹன் கப்பா என்ற புள்ளியியல் அளவால் (முழு ஒப்புமை என்றால் 1) அளந்து, 0.7க்குக் கீழே போனால் விதிகளைத் திருத்தி மறுபடி தொடங்குங்கள். எதிர்மறை வரிகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் அது ஆய்வாகாது. இல்லாததையும் எண்ணுங்கள். இடைக்காலத்தோடு முஸ்லிம்கள் நூலிலிருந்து மறைந்து, மறுபடி 2001 செப்டம்பர் 11 தாக்குதலில்தான் தலைகாட்டுகிறார்கள் என்றால், வெறுப்பான ஒரு வரிகூட இல்லாமலேயே அந்த நூல் ஒரு முத்திரையைக் கற்பிக்கிறது.

வினாத்தாள்

“முஸ்லிம் குடியேறிகள் வன்முறையாளர்கள் என்று நினைக்கிறீர்களா?” என்ற கேள்வி இரண்டு வகையில் கெடுக்கிறது. அதுவரை அப்படி நினைக்காத 13 வயதுக் குழந்தைக்கு அந்த இணைப்பைக் கற்றுக்கொடுக்கிறது. ‘இல்லை’ என்பதுதான் விரும்பப்படும் பதில் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பதிலாக, பல குழுக்களை வரிசையாகக் கொடுத்து, 0 முதல் 100 வரை எவ்வளவு நெருக்கமாக உணர்கிறீர்கள் என்று எல்லோரைப் பற்றியும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். முஸ்லிம்கள் அந்தப் பட்டியலில் ஒரு வரி. போகார்டஸ் சமூகத் தொலைவு அளவையும் எளிது: அண்டை வீட்டாராக, வகுப்பில் பக்கத்து இருக்கையில், குடும்ப உறவாக ஏற்பீர்களா?

ஒரு கேள்வியில் ஒன்றையே கேளுங்கள். ‘முஸ்லிம்களும் அகதிகளும்’ என்று எழுதினால் பதில் யாரைப் பற்றியது என்று தெரியாது. அச்சிடுவதற்கு முன் 5 மாணவர்களிடம் வாய்விட்டுப் படித்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறார்களோ அங்கே கேள்வி கோணலாக இருக்கிறது.

முன் அளவீட்டைப் பாடத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். பின் அளவீட்டைப் பாடம் நடத்திய ஆசிரியர் செய்யக் கூடாது, வேறொருவர் செய்யட்டும். மூன்றாவதை 3 மாதம் கழித்து வையுங்கள். சொல்லோடு செயலையும் அளக்க, குழுப் பணிக்குத் தோழரைத் தேர்ந்தெடுக்கும் படிவம் போன்ற ஒன்றை இணைக்கலாம்.

அனுமதியும் குழந்தைகளின் பாதுகாப்பும்

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குச் சில வாரங்கள் ஆகும். பள்ளி ஒப்புதல், பெற்றோர் சம்மதம், மாணவர் சம்மதம் மூன்றும் தனித்தனி. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 9ஆம் பிரிவில், மதத்தைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவலாக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் கூட்டாட்சிக் கல்வித் துறை நிதியில் நடக்கும் ஆய்வு, மாணவரின் அல்லது பெற்றோரின் மத நம்பிக்கையை, மாணவர் கட்டாயம் நிரப்ப வேண்டிய வினாத்தாளில் கேட்பதற்கு முன் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் தேவை. மதத்தைப் பற்றிக் கற்பிக்கலாம், மதத்தைப் பரப்பக் கூடாது என்ற கோட்டை அங்கே 1963இல் உச்ச நீதிமன்றம் போட்டது. உங்கள் பாடத்திட்டம் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பள்ளி நிர்வாகம் கேட்கும். பதிலை எழுத்தில் தயாராக வைத்திருங்கள்.

30 பேர் வகுப்பில் ஒரே ஒரு முஸ்லிம் மாணவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாடம் தொடங்கியதும் வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்க்கும். “இது சரியா, நீ சொல்லேன்” என்று ஆசிரியர் நல்லெண்ணத்தோடு கேட்டாலும், ஒரு மதத்துக்கே பேச்சாளராக அவள் நிறுத்தப்படுகிறாள். ஆசிரியர் குறிப்பில் இதைச் செய்யக் கூடாது என்று வெளிப்படையாக எழுதுங்கள். வினாத்தாளில் வகுப்பு, பாலினம், மதம் மூன்றும் இருந்தால் அவளுடைய தாள் எது என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம். 5 பேருக்குக் குறைவான எந்தக் கட்டத்தையும் அறிக்கையில் காட்டாதீர்கள்.

அதே சமயம், பெரும்பான்மை மாணவரின் மனம் மாறியதா என்று மட்டும் அளந்து, முஸ்லிம் மாணவர்களுக்கு வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்காமல் விடும் ஆய்வு பாதி ஆய்வுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 13 நாடுகளில் ஆய்வு செய்து 2024இல் வெளியிட்ட அறிக்கையில், 47 சதவீத முஸ்லிம்கள் முந்தைய ஐந்தாண்டுகளில் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொல்லியிருந்தார்கள். பாடத்துக்குப் பிறகு அந்த மாணவர்களுக்குக் கேலி குறைந்ததா கூடியதா என்பதைத் தனி நேர்காணலில், பள்ளிக்குத் தொடர்பில்லாத ஒருவர் வழியே, கேளுங்கள். 8 முதல் 12 நேர்காணல்கள் போதும். பதிவு செய்வதானால் சம்மதம் தனியே வாங்குங்கள்.

நடுவில் எழும் சிக்கல்கள்

ஆய்வின் நடுவே எங்கோ ஒரு தாக்குதல் நடந்து செய்திகளில் நிறையும். ஒப்பீட்டுக் குழு இருந்தால் இரு குழுவையும் அது சமமாகத் தொடும், ஆய்வு பிழைக்கும். இல்லாவிட்டால் பிழைக்காது. எப்படியும் தேதியைக் குறித்துவையுங்கள்.

மூன்றாவது அளவீட்டுக்கு மாணவர்கள் குறைவார்கள். யார் வரவில்லை என்பதைப் பாருங்கள். முன் அளவீட்டில் வெறுப்பு அதிகம் காட்டியவர்களே விலகியிருந்தால், பாடம் வேலை செய்ததுபோல் ஒரு தோற்றம் கிடைக்கும். ஆசிரியர் தன் நடையில் பாடத்தை மாற்றியிருக்கலாம், எனவே குறைந்தது இரண்டு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து, திட்டமிட்டதில் எவ்வளவு நடந்தது என்று சரிபார்ப்புப் பட்டியலில் குறியுங்கள்.

தரவு கைக்கு வருவதற்கு முன்பே உங்கள் கேள்வி, அளவீடு, பகுப்பாய்வு முறை மூன்றையும் திறந்த அறிவியல் மையத்தின் தளத்தில் பதிவு செய்யுங்கள். பத்து அளவீடுகளில் தற்செயலாக நன்றாக வந்த ஒன்றைத் தூக்கிப்பிடிக்கும் சபலத்தை அது தடுக்கும். விளைவு எதுவும் தெரியாவிட்டாலும் அப்படியே எழுதிச் சமர்ப்பியுங்கள். அந்தப் பாடத்தில் நேரம் செலவிட இருந்த இன்னொரு பள்ளிக்கு அது தேவையான செய்தி. ஒப்பீட்டு வகுப்புக்கு, ஆய்வு முடிந்ததும், அதே பாடத்தை நடத்திக் கொடுத்துவிடுங்கள். பங்கேற்ற பள்ளிக்கும் பெற்றோருக்கும் அவர்கள் மொழியில் ஒரு பக்க முடிவறிக்கையை, கல்வியாண்டு முடிவதற்குள், அனுப்புங்கள்.